கக்கூஸ் தொட்டிக்கு இரண்டு மூட்டை உப்பு

கிணற்றுச் சுவரின் மேல் ஒரு செம்பு இருந்தது. செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. சுற்றி நாலு பேர் நின்றோம். நாலு பேரில் ஒருவருக்கும் தாகமில்லை.

சித்திரை மாத வெயிலில், தூத்துக்குடியில் நின்றுகொண்டு, தாகமில்லை என்று ஒருவன் சொன்னால் அவனை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் நாலு பேரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

என் மனைவி எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த வீட்டுத் தொம்மை அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் தம் மனைவி செசிலி அக்காவைப் பார்த்தார். செசிலி அக்கா யாரையும் பார்க்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முன்யோசனை உள்ள பெண்மணி.

"குடிங்க" என்றாள் எஸ்தர்.

"நானா?"

"பின்ன? டேங்க் யாருது?"

விஷயம் ரொம்பச் சுலபம். அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதா, இல்லையா என்று பார்க்க வேண்டும். கரித்தால், எங்கள் வீட்டுக் கக்கூஸ் தொட்டியில் இருப்பது கிணற்றுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம். கரிக்காவிட்டால் பிழைத்தோம். இதில் ஒரே ஒரு சின்னச் சங்கடம். கரிக்கிறது என்று கண்டுபிடிக்கிற ஆள், கண்டுபிடிப்பதற்கு முன்பே அதைக் குடித்திருப்பான்.

முத்து நகரத்தைப் பற்றி இத்தனை வாரமாக எழுதுகிறீர்களே, முத்து எப்போது வரும் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். வருகிறது அம்மா, இந்த வாரமே வருகிறது. கொஞ்சம் கக்கூஸ் வழியாக வருகிறது, அவ்வளவுதான். சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்கள் இலையை மடித்துவிட்டு வரவும்.

திறப்பு விழா

புதுத் துறைமுகத்துக்காகக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. லாரி லாரியாகப் பாறை போகும். ஊரே முன்னேறுகிறபோது நான் மட்டும் சும்மா இருக்கலாமா? நான் ஓர் உப்புக் கம்பெனியில் குமாஸ்தா. துறைமுகம் கட்ட எனக்கு வசதி போதாது. அதனால் செப்டிக் டேங்க் கட்டினேன்.

எஸ்தர் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, டீச்சராகி, பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்துகிறவள். கல்யாணமான நாள் முதல் என்னிடம் அவள் நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. தண்ணீர் ஊற்றினால் போகிற மாதிரி ஒரு கக்கூஸ் கேட்டாள். நகையே வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

எங்கள் தெருவிலேயே முதல் செப்டிக் டேங்க் அது. சும்மா விடுவேனா? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்தேன். தொட்டியின் சிமெண்ட் மூடிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே போவது எப்படி அடியில் தங்குகிறது, தெளிந்த நீர் எப்படிக் குழாய் வழியாக அந்தக் கடைசியில் உள்ள உறிஞ்சுகுழிக்குப் போகிறது என்று ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். செசிலி அக்கா வாயைப் பிளந்து கேட்டாள். தொம்மை அண்ணாச்சி மூடி மேல் ஏறி ஒரு குதி குதித்துப் பார்த்தார்.

"தாங்குது வே" என்றார். அதுதான் அன்றைய வாழ்த்துரை.

கட்டிய கொத்தனார் சுடலையும் பேசினான். "உலகம் அழிஞ்சாலும் இது அழியாது அண்ணாச்சி. பூராவும் கடல் கல்லு."

கடல் கல் என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கடலுக்குள் தீவோரத்தில் வெட்டி, வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவருகிற பவளப்பாறைக் கல். ஊரில் பாதி வீடு அதில்தான் நிற்கிறது. கனம் கிடையாது, விலை மலிவு, வெயிலுக்குக் குளுகுளுவென்று இருக்கும். ஒவ்வொரு கல்லிலும் எறும்பு போய்வர ஆயிரம் வாசல் இருக்கும். எங்கள் வீட்டுச் சுவர் மூச்சு விடும் என்று விருந்தாளிகளிடம் பெருமை அடிப்போம்.

மூச்சு விடுகிற கல்லில் எதைக் கட்டக்கூடாது என்று மட்டும் யாரும் யோசித்ததில்லை.

என் கைராசி

தோட்டத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் டேங்க். அதற்குக் கிழக்கே கிணறு. மேற்கே ஒரு முருங்கை.

அந்த முருங்கை எங்கள் அப்பா காலத்து மரம். கம்பளிப்பூச்சியைத் தவிர வேறெதையும் அது யாருக்கும் கொடுத்ததில்லை. வெட்டிவிடலாம் என்று வருஷாவருஷம் பேசுவோம்.

டேங்க் கட்டின மறுவருஷம் மரத்துக்கு என்னவோ ஆயிற்று. இலை கரும்பச்சையாகத் தழைத்தது. பூ கொத்துக் கொத்தாக இறங்கியது. பிறகு காய். கிணற்றுக் கயிறு மாதிரி நீள நீளமாகத் தொங்கின. பறிக்கப் பறிக்கத் தொங்கின.

நான் விநியோகத்தில் இறங்கினேன். கம்பெனி மானேஜருக்கு ஒரு கட்டு. எஸ்தரின் தலைமையாசிரியைக்கு ஒரு கட்டு. தெருவில் வீட்டுக்கு வீடு. "என்ன உரம் போடுறீங்க?" என்று மானேஜர் கேட்டார். "உரமெல்லாம் ஒண்ணுமில்ல சார். கைராசி" என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

பெரிய வாடிக்கை செசிலி அக்கா. "தம்பி, உங்க மரத்துக் காய்க்கு என்ன ருசி. நெத்திலிக் கருவாட்டோட போட்டா சதை நெய்யா கரையுது" என்பாள். ஒரு போத்து வெட்டிக் கொண்டுபோய்த் தன் தோட்டத்திலும் நட்டாள். அது குச்சியாகவே நின்றது. "எல்லாருக்கும் கைராசி வாய்க்குமா தம்பி" என்று சொல்லிப் பெருமூச்சு விட்டாள். நான் ஆறுதல் சொன்னேன்.

மூக்கைப் பற்றிக் கொஞ்சம்

இரண்டு வருஷம் டேங்க் ஒழுகியிருக்கிறதே, நாற்றத்தில் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் மூக்கை நம்பி யாரும் எதையும் கண்டுபிடிப்பதில்லை. கிழக்கே கருவாடு. தெற்கே காய்கிற சங்கு. காற்று திரும்பினால் உப்பளத்துச் சேறு. நல்ல காற்று வந்தால்தான் ஜன்னலைத் திறந்து என்ன நடந்தது என்று பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் மேல், முத்துக் குளித்த காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். முத்துச் சிப்பியைக் கரையில் குவித்து அழுக விடுவார்கள். சதை அழுகிக் கரைந்தால்தான் முத்தைத் தேட முடியும். முத்து என்றதும் உங்களுக்கெல்லாம் ராணி கழுத்து ஞாபகம் வரும். எங்களுக்கு ஈ ஞாபகம் வரும்.

கடைசியாக முத்துக் குளித்த பருவத்தில் எங்கள் அப்பாவும் ஒரு குவியல் சிப்பி ஏலம் எடுத்து வந்து, இதே தோட்டத்தில் தொட்டியில் போட்டு அழுக வைத்தார். ஒரு வாரம் வீட்டில் யாரும் சோறு தின்னவில்லை. கடைசியில் அம்மா அலசி அலசிப் பார்த்ததில் கடுகளவு ஒரு முத்து கிடைத்தது. அதை மிகவும் பத்திரமாக ஓரிடத்தில் எடுத்து வைத்தாள். எவ்வளவு பத்திரம் என்றால் இன்றுவரை அது அகப்படவில்லை.

அவ்வளவுதான் அம்மா, முத்து.

தொம்மை அண்ணாச்சி அந்தப் பருவத்தில் குளித்தவர். பிறகு சங்கு குளித்தார். ஆழத்தில் ஒரு காதைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினார். மிச்சக் காதையும் செசிலி அக்காவிடம் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்.

ஒரு தவளை

ஒருநாள் காலையில் டேங்குக்குப் பின்னால் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

மழை பெய்து மாதக்கணக்காகிறது. தெருநாயே நிழலுக்குச் சண்டை போடுகிற காலம். தவளைக்கு இங்கே என்ன ஜோலி? கிட்டே போனேன். அது உட்கார்ந்த மண் ஈரமாக இருந்தது. கம்பியை வைத்துக் குத்தினேன். உள்ளே இன்னும் ஈரம்.

ஓடிப்போய் உறிஞ்சுகுழியைத் திறந்து பார்த்தேன். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு பல்லி குடும்பத்தோடு சௌகரியமாக வாழ்ந்துகொண்டிருந்தது. கட்டின நாளிலிருந்து அந்தக் குழிக்கு ஒரு சொட்டுக்கூட வந்த அடையாளமில்லை. டேங்க் மூடியை நெம்பிப் பார்த்தால், உள்ளே பாதிதான் நிரம்பியிருந்தது.

ஒரு குடும்பம். இரண்டு வருஷம். அத்தனையும் எங்கே போயிற்று?

என் பார்வை தானாகக் கிணற்றுப் பக்கம் திரும்பியது.

உடனே எனக்கு வயிற்றை வலித்தது. இரண்டு வருஷத்தில் எனக்கு வந்த எல்லா வயிற்று வலியும் வரிசையில் வந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போயின. எஸ்தரைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதாகத்தான் நான் நினைத்தேன். அலறினேன் என்று அவள் இன்றும் சாதிக்கிறாள்.

அவள் வந்தாள், பார்த்தாள். "கிணத்துக்கும் இதுக்கும் ஐம்பது அடி இருக்கணும்னு அன்னைக்கே சொன்னேன்" என்றாள்.

"நம்ம தோட்டமே ஐம்பது அடி கிடையாதே."

"அதையும்தான் சொன்னேன்."

இரண்டாவது செம்பு

அந்தக் கிணறு எங்களுடையது மட்டும் என்றால் மூடிவிட்டுப் போயிருப்பேன். அது பங்குக் கிணறு. எங்கள் வீட்டுக்கும் தொம்மை அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவிலுள்ள மதில், கிணற்றின் நட்டநடுவே ஏறிப் போகும். பாதி வட்டம் எங்களுக்கு, பாதி வட்டம் அவர்களுக்கு. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு உருளை.

அதோடு அது நல்ல தண்ணீர்க் கிணறு. கடலோரத்தில் இதற்கு என்ன மதிப்பு என்று மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியாது. சுற்றிலும் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உவர்ப்பு. எங்கள் கிணறு மட்டும் இளநீர். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு நகையைக் காட்டுவதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் கொடுக்கிற தெரு அது.

தொம்மை அண்ணாச்சியின் மகள் மேரியைப் பார்க்க மணப்பாட்டிலிருந்து வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளையின் அம்மா ஒரு செம்பு குடித்தார். வாயைத் துடைத்தார். இன்னொரு செம்பு கேட்டார். "அந்த ரெண்டாவது செம்புலதான் சம்பந்தம் முடிஞ்சுது வே" என்று தொம்மை அண்ணாச்சி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. பந்தல் அவர் வீட்டு முற்றத்தில். சமையல் குசினிக்குப் பின்னால். அண்டா அண்டாவாகத் தண்ணீர் இந்தக் கிணற்றிலிருந்து. சாம்பாருக்கு முருங்கைக்காய் எங்கள் மரத்திலிருந்து. அதற்கும் செசிலி அக்கா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

"போய்ச் சொல்லிருங்க" என்றாள் எஸ்தர்.

போனேன். அண்ணாச்சி பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். செசிலி அக்கா ஒரு தட்டில் பணியாரம் வைத்துக் கொடுத்தாள். தின்றுவிட்டுத் திரும்பினேன். நான் என்னதான் சொல்வது? அண்ணாச்சி, உங்கள் மகள் கல்யாண விருந்தில் எங்கள் குடும்பத்தின் பங்கும் கலந்திருக்கக்கூடும் என்றா?

விஞ்ஞானம்

முதலில் கிணற்றுக்கு வருகிறதா என்று நிச்சயமாகத் தெரிந்துகொள்வோம், பிறகு சொல்வோம் என்று முடிவு செய்தேன். கோழைகள் எப்போதும் விஞ்ஞானத்தின் பக்கம்தான் சாய்வார்கள்.

துறைமுக வேலைக்கு வந்திருந்த ஓர் என்ஜினியரிடம், என் நண்பனின் டேங்க் என்று சொல்லி யோசனை கேட்டேன். "டேங்க்ல சாயப்பொடி கரைச்சு விடச் சொல்லுங்க. கிணத்துல கலர் வந்தா லீக்" என்றார். எஸ்தர் ஒப்பவில்லை. கல்யாண வீட்டில் சிவப்புத் தண்ணீர் இறைத்தால் நன்றாக இருக்குமா என்று கேட்டாள்.

பிறகுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. உப்பு.

உப்புக் கம்பெனியில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன உதிக்கும்? நகைக்கடைக்காரனாக இருந்தால் உரசிப் பார்த்திருப்பேன். டேங்கில் உப்பைக் கொட்டுவது. சில நாள் பொறுப்பது. கிணற்றுத் தண்ணீர் கரித்தால் வழி இருக்கிறது.

"உப்பப் போட்டா உள்ள இருக்கிற கிருமியெல்லாம் செத்துரும். அதுங்கதான் டேங்கை நடத்துது" என்றாள் எஸ்தர்.

"சாகட்டும். நாம பிழைப்போம்" என்றேன்.

அளத்தில் விற்காமல் ஒதுக்குகிற மண் கலந்த உப்பு இரண்டு மூட்டை வண்டியில் வந்து இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை, அடுத்த வீட்டில் எல்லாரும் பூசைக்குப் போயிருக்கிற நேரம். கக்கூஸ் கதவைத் திறந்து வைத்து, உப்பைக் கொட்டுவதும் வாளியால் தண்ணீர் அடிப்பதுமாக இருந்தேன். முதல் மூட்டை தீர்ந்தது. நிமிர்ந்தேன்.

மதில் மேல் தொம்மை அண்ணாச்சியின் தலை இருந்தது. கால்வலி என்று பூசைக்குப் போகவில்லையாம்.

"என்ன தம்பி செய்யுதீரு?"

"உப்புப் போடுறேன் அண்ணாச்சி."

"கக்கூஸ்லயா?"

"ஆமா."

மூட்டையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "ருசி பத்தலையோ?"

அதற்கு மேல் என்னால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. தவளையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வைவார், கத்துவார், மதிலேறிக் குதிப்பார் என்று வாளியைக் கேடயம் மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணப்பாட்டுல இருந்து வாராங்க. அந்தம்மா வந்து உக்காந்ததும் தண்ணிதான் கேக்கும்" என்றார். அவ்வளவுதான். வைதிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிறகு, "அந்த ரெண்டாவது மூட்டையையும் போடும். சும்மா நிக்காதேயும்" என்றார்.

ஒரு வாரத்துக்கு இரண்டு வீட்டாரும் கிணற்றைத் தொடுவதில்லை என்று ஏற்பாடு. குடிக்கத் தண்ணீர் வண்டியில் வாங்கினோம். கேட்டவர்களிடம், கல்யாணத்துக்காகக் கிணற்றைத் தூர் வாரப்போகிறோம் என்று செசிலி அக்கா சொல்லிவிட்டாள். நான் கம்பெனிக்குப் போவேன், வருவேன், கிணற்றை எட்டிப் பார்ப்பேன். கிணறும் என்னை எட்டிப் பார்க்கும். தோட்டத்தில் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

நாக்கு

இப்போது செம்புக்கு வருவோம். தொம்மை அண்ணாச்சி வீட்டு உருளையில் இறைத்த தண்ணீர். எங்கள் வீட்டுச் செம்பு. எல்லாம் சமபங்கு. "குடிங்க" என்று எஸ்தர் மூன்றாவது முறை சொன்னாள். நான் செம்பை எடுத்தேன். தூக்கினேன். உதட்டுக்கு அருகில் வந்ததும் என் கை தானாக அதைத் திரும்ப இறக்கி வைத்தது. நல்ல கை. எனக்கு முன்பே யோசிக்கும்.

"தள்ளும் அங்கிட்டு" என்றார் தொம்மை அண்ணாச்சி. "நான் குடிக்காத தண்ணியா. கடல்ல பாதி என் வயித்துக்குள்ளதான் இருக்கு."

செம்பை எடுத்து ஒரு வாய் அண்ணாந்து ஊற்றினார். கன்னத்துக்குக் கன்னம் மாற்றினார். வானத்தைப் பார்த்தார். விழுங்கினார்.

செம்பைக் கீழே வைக்காமல் நின்றார்.

"அண்ணாச்சி?" என்றேன்.

இன்னொரு வாய் ஊற்றினார். கண்ணை மூடினார்.

"கரிக்குதா அண்ணாச்சி?"

"பொறும்வே. காதுதான் ஒண்ணு போச்சு. நாக்கு இன்னும் இருக்கு."

மூன்றாவது வாய். கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். மணப்பாட்டுக்காரர்கள் வரிசையாக மாட்டுவண்டியில் ஏறித் திரும்பிப் போவது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. மேரி அழுதுகொண்டிருந்தாள். நான் ஊரைவிட்டு ஓடி, எங்கோ வடக்கே, தண்ணீரே குடிக்காத ஒரு தேசத்தில் தாடியோடு உட்கார்ந்திருந்தேன்.

"செசிலி" என்றார் அண்ணாச்சி. "வண்டித் தண்ணிக்குச் சொல்லியிருந்தேல்ல, வேண்டாம்னு சொல்லிரு."

"என்னங்க சொல்லுதீக?"

"தித்திக்கு."

எஸ்தர் வாங்கிக் குடித்தாள். செசிலி அக்கா முந்தானையை இறக்கிவிட்டுக் குடித்தாள். ஆபத்து இல்லை என்று மூன்று பேர் உறுதி செய்த பிறகு நான் வீரத்தோடு குடித்தேன். இரண்டாவது செம்பும் கேட்டேன்.

செசிலி அக்கா சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினாள். திரும்பினவள் நின்றாள்.

"தம்பி, முருங்கை ஏன் இப்படி நிக்கு?"

ஒரு வாரமாகக் கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் அந்தப் பக்கம் பார்த்தேன். மரம் மஞ்சளாக நின்றது. காற்று அசையாமலே இலை உதிர்ந்துகொண்டிருந்தது. கல்யாணத்துக்கென்று விட்டு வைத்திருந்த காயெல்லாம் சுருண்டு, கிழவன் விரல் மாதிரித் தொங்கின.

நாலு பேரும் மரத்தைப் பார்த்தோம். டேங்கைப் பார்த்தோம். மறுபடி மரத்தைப் பார்த்தோம்.

இரண்டு மூட்டை உப்பு எங்கே போயிற்று என்று தெரிந்துவிட்டது. அதற்கு முன் இரண்டு வருஷமாக எங்கே போய்க்கொண்டிருந்தது என்றும் தெரிந்துவிட்டது. செசிலி அக்காவின் முகத்தில் ஒவ்வொரு குழம்பாக வந்து போயிற்று.

"தவக்காலம் பூரா" என்றாள் மெதுவாக. "இறைச்சி தொடாம, தவக்காலம் பூரா இந்தக் காயைத்தானே தின்னோம்."

"விடு செசிலி" என்றார் தொம்மை அண்ணாச்சி. "ஒறுத்தல்னு நினைச்சுக்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"கைராசின்னீரு" என்றார்.

ஊறுகாய்

கொத்தனார் சுடலையை வரவழைத்தேன். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அன்னைக்கே சொன்னேன்ல அண்ணாச்சி" என்றான்.

"என்னல சொன்னே?"

"இதைத்தான்."

உலகம் அழிந்தாலும் அழியாது என்றவன். உள்ளே இருந்ததைப் பார்த்தபோது அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. உப்புப் போட்டதிலிருந்து அங்கே எதுவும் அழியவில்லை. போட்டது போட்டபடி இருந்தது. எஸ்தர் சொன்ன கிருமியெல்லாம் செத்து, டேங்க் வேலைநிறுத்தம் செய்திருந்தது. உலகத்தில் எதையெதையோ ஊறுகாய் போட்டிருக்கிறார்கள். இதைப் போட்டவன் நான் ஒருவன்தான்.

காலி செய்ய வேண்டுமே. கம்பெனியில் கெஞ்சி, அளத்துக்கு உப்புத் தண்ணீர் இறைக்கிற பழைய டீசல் பம்ப் ஒன்றை வாங்கி வந்தேன். தோட்டக் கடைசியில், கிணற்றுக்கு எட்டாத மூலையில், பெரிய குழியாக வெட்டினோம். வெட்டியதும் இறைத்ததும் அடியில் கிடந்ததை வாளியில் கயிறு கட்டி எடுத்ததும் நானும் தொம்மை அண்ணாச்சியும்தான். நம் வீட்டுச் சரக்கை அள்ள அடுத்தவனைக் கூப்பிடக் கூடாது என்று எஸ்தர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நான் ஓங்கரித்துக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி சாவகாசமாக வெற்றிலை மென்றார்.

"சிப்பி அழுகினதுக்கு இது ஒண்ணுமே இல்ல தம்பி. காலுல கல்லைக் கட்டி விடும். ஒரு முங்கு முங்கிப் பாத்துட்டு வாரேன்."

கழுவிக் காயவிட்டு, ஏணியில் இறங்கிப் பார்த்தபோது எல்லாம் தெளிவாயிற்று. மேற்குச் சுவரில் பூச்சு அப்பளம் அப்பளமாக உதிர்ந்து கிடந்தது. கடல் கல்லுக்குள் இருந்த உப்பே சிமெண்டைத் தள்ளிவிட்டிருக்கிறது. கல்லின் ஓட்டைகள் வழியாக முருங்கை வேர் உள்ளே வந்து, தாடி மாதிரித் தொங்கியது. இரண்டு வருஷமாக மரம் உறிஞ்சுகுழியின் வேலையைப் பார்த்திருக்கிறது. எங்களுக்குப் படியும் அளந்திருக்கிறது.

கிழக்குச் சுவர், கிணற்றுப் பக்கத்துச் சுவர், கெட்டியாக இருந்தது. தட்டிப் பார்த்தால் அது கடல் கல்லே இல்லை. செங்கல்.

"இதென்னல?" என்றேன்.

சுடலை தலையைச் சொறிந்தான். "கல்லு பத்தலை அண்ணாச்சி. உங்க வீட்டுல மிஞ்சிக் கிடந்த செங்கல்ல வச்சுக் கட்டினேன்." சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டான். "கிணறு இருக்குல்லா. முன்யோசனைதான்."

ஆக, மேரியின் கல்யாணத்தைக் காப்பாற்றியது என் விஞ்ஞானமில்லை, எஸ்தரின் பாடப்புத்தகமில்லை. மறு வள்ளம் வருகிற வரைக்கும் காத்திருக்கச் சோம்பல்பட்ட ஒரு கொத்தனார். பட்டுப்போன மரத்தைப் பார்த்துக்கொண்டே அவனுக்குக் கும்பிடு போட்டேன். அவனும் நியாயமாக ஏற்றுக்கொண்டான்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மரத்தை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்தோம். பழைய பூச்சைச் சுத்தமாகக் கொத்தி எறிந்துவிட்டு, உள்பக்கமே சுற்றிலும் செங்கல் வைத்து இன்னொரு சுவர் எழுப்பினான். கடற்கரை மணல் கூடாது என்று எஸ்தர் காவலுக்கு நின்றாள். ஆற்று மணல் வந்தது. இரண்டு தடவை பூசி, மேலே சிமெண்ட் பால் அடித்து, ஈரச்சாக்கு போட்டுக் காத்தோம். தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் கரியால் ஒரு கோடு கிழித்தோம். மறுநாள் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். கோடும் தண்ணீரும் இருந்த இடத்தில் இருந்தன.

கடைசியாக எஸ்தர் ஒரு வாளி பசுஞ்சாணியைக் கரைத்து ஊற்றினாள். புதுக் கிருமிகள் குடியேற வேண்டுமாம். இந்தத் தடவை திறப்பு விழா வைக்கவில்லை.

பந்தி

கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளையின் அம்மா வந்து உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். செசிலி அக்கா செம்பை நீட்டினாள். தொம்மை அண்ணாச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னொரு தூணை. அந்தம்மா குடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, இன்னொரு செம்பு கேட்டார். அதன் பிறகுதான் நாங்கள் தூண்களை விட்டோம்.

பந்தியில் மட்டும் ஒரு குறை சொன்னார். "இங்கன முருங்கைக்காய் அப்படி ஒரு ருசின்னு சொன்னீகளே சம்பந்தி, சாம்பார்ல காணமே?"

"மரம் பட்டுப்போச்சு சம்பந்தி" என்றாள் செசிலி அக்கா, என்னைப் பார்க்காமல்.

இதெல்லாம் நடந்து சில வருஷம் ஆகிறது. மருமகன் வந்தால் சௌகரியமாக இருக்கட்டும் என்று தொம்மை அண்ணாச்சியும் செப்டிக் டேங்க் கட்டிவிட்டார். கிணற்றுக்கு எதிர்க்கோடியில். பூராவும் செங்கல்லில் கட்டச் சொல்லிச் சுடலையிடம் சத்தியம் வாங்கினாராம். சுடலை செய்கிற சத்தியம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். கட்டின இடம், குச்சியாக நின்ற அந்த முருங்கைப் போத்துக்குப் பக்கம்.

போன வருஷம் அது தழைத்தது. இந்த வருஷம் காய்க்கிறது. கிணற்றுக் கயிறு மாதிரி நீள நீளமாக.

மதிலுக்கு மேலே வாரம் ஒரு கட்டு வருகிறது. "வாங்கிக்கிடும் தம்பி. அன்னைக்கு நீங்க எங்களுக்கு எவ்வளவு குடுத்தீக" என்கிறார் தொம்மை அண்ணாச்சி. முகத்தில் ஒரு ரேகை அசைவதில்லை. எப்படி வேண்டாமென்பது? வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று மத்தியானம் தட்டில் சாம்பார். சாம்பாரில் துண்டு துண்டாக அது. நல்ல சதைப்பற்று. நான் எஸ்தரைப் பார்த்தேன்.

"இது கடையில வாங்கினதா, இல்ல..."

"பேசாம தின்னுங்க" என்றாள். "உப்பு சரியா இருக்கான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."